புது போனில் வராத மிஸ்டு கால்

1

எங்கள் கல்யாண நாளை நானும் ஸ்டெல்லாவும் மறந்திருக்கிறோம். போன் கம்பெனி எங்கள் நாளை மறக்கவில்லை. ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து, அவள் பின்னால் நானும் மகள் ஜெனியும் இந்த இங்கிலாந்துச் சிறுநகரத்துக்கு வந்தபோது, நான் முதலில் கையெழுத்துப் போட்டது போன் ஒப்பந்தத்தில்தான். இரண்டு வருஷத்துக்கு. அது முடிகிறது, புது போனுக்கு மாறும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது, வாழ்த்துகள் என்று செய்தி வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு யாராவது தகுதி வந்துவிட்டது என்று சொன்னால் முதலில் பயம்தான் வருகிறது.

நம்ம ஊரில் போன் வேறு, சிம் வேறு. போனைக் கடையில் வாங்குவோம், தெருமுனையில் ரீசார்ஜ் செய்வோம், பிடிக்கவில்லை என்றால் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுவோம். இங்கே இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு நம் தலையில் கட்டுகிறார்கள். அந்த முடிச்சை எப்போது அவிழ்க்கலாம், யார் அவிழ்க்கலாம் என்பதற்குத்தான் விதிகள். அந்த விதிகளும் இருந்தபடி இருப்பதில்லை. போன முறை கடையில் ஒரு பெண் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த முறை எல்லாம் இணையத்தில்.

"நான் பண்றேம்ப்பா, டூ மினிட்ஸ்" என்றாள் ஜெனி. பதினேழு வயது. சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். எழுத்துகள் கடகடவென்று மேலே ஓடின.

"இரும்மா. அதுல இன்னா போட்டுகீதுன்னு படி."

"யாரும் படிக்க மாட்டாங்கப்பா. எல்லாருக்கும் சேம்தான்."

"ஏதோ பாதுகாப்புன்னு வருதே?"

"ஸ்பேம் கால் வராம தடுப்பாங்களாம். ஃப்ரீ. நீங்கதான ஃபிராடு கால் வருதுன்னு டெய்லி பயப்படுவீங்க?"

அது உண்மை. தெரியாத நம்பரில் இருந்து மணி அடித்தால் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். சரி என்று தலையாட்டினேன். அவள் அழுத்தினாள்.

2

புதுப்பட்டினத்தில் என் அப்பா தனியாக இருக்கிறார். நைனா என்றுதான் கூப்பிடுவோம். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, பிறகு கல்பாக்கம் குடியிருப்பில் காண்டிராக்டில் செடிக்குத் தண்ணீர் விட்டு, எங்களை ஆளாக்கியவர். அம்மா போன பிறகு இங்கே வரச் சொன்னேன். "அங்க வந்து நான் யாரை திட்டுவேன்?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவரிடம் பட்டன் போன். பார்வை மங்கல், காது அதைவிட மங்கல். இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எனக்கு வருகிற மாதிரி குமார் செட் செய்து கொடுத்திருந்தான். குமார் என் கூட்டாளி. பஜாரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். வெளிநாட்டுக்கு மணி அடிக்கவே கணக்கில் கொஞ்சம் காசு இருக்க வேண்டும், அதையும் அவன்தான் பார்த்துக்கொள்வான். எடுக்கும் முன் கட் செய்துவிட்டால் அந்தக் காசு குறையாது.

கட் செய்வதில் நாங்கள் பழுத்த ஆட்கள். நானும் குமாரும் மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் காண்டிராக்ட் தொழிலாளிகளாக இருந்தபோது, கம்பெனி பஸ் புதுப்பட்டினத்தில் கிளம்பியதும் திருக்கழுக்குன்றத்து ஆளுக்கு நான் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அதைக் கேட்ட பிறகுதான் அவன் பல் விளக்கவே போவான். பஸ் அவனைத் தாண்டும்போது அவன் செங்கல்பட்டு ஆளுக்குக் கொடுப்பான். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பஸ் ஜனமும் ஏறிவிடும். எடுத்துப் பேசினால்தான் திட்டு விழும்.

நைனாவுக்கும் எனக்கும் அதே கணக்கு. அவர் டீ குடித்துவிட்டு வந்ததும் ஒரு மணி அடித்துக் கட் செய்வார். நல்லா கீறேன் என்று அர்த்தம். நான் இங்கே விடிகாலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன், திருப்பி ஒன்று கொடுப்பேன். நானும் நல்லா இருக்கேன். இரண்டு மிஸ்டு கால் அடுத்தடுத்து வந்தால் மட்டும், உடனே கூப்பிடு. அம்மா போன அன்றைக்கு அப்படித்தான் வந்தது.

அந்த ஒரு மணி கேட்காமல் நான் ஷூ மாட்டியதில்லை.

3

புது போன் வந்த மறுநாள் அது கேட்கவில்லை.

ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். நைனாவுக்குப் போட்டேன், அடித்து ஓய்ந்தது. குமாருக்கு வாட்ஸப்பில் போட்டேன்.

"குமாரு, நைனாவ பாத்தியா?"

"இன்னா மச்சான், அங்க இன்னும் விடியவே இல்லியே? உங்க நைனா எதிர்ல டீக்கடைல உக்காந்துகினு கட்சி பேசிகினு கீறாரு. குடுக்கவா?"

போனைக் கொடுத்தான். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே நைனா கத்தினார். "குடுத்தேன்டா! மணி அடிச்சிது, கட் பண்டேன். நீதான் திருப்பிக் குடுக்கல. தூங்கிட்டியா?"

மறுநாளும் இதே கதை. அந்த முனையில் மணி அடிக்கிறது, இந்த முனையில் ஒன்றும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நைனாவின் போனைத்தான் சந்தேகப்பட்டோம். குமார் பேட்டரி மாற்றினான், சிம்மைத் துடைத்துப் போட்டான், டவர் சரியில்லை என்றான், கடற்காற்றில் உப்பேறியிருக்கும் என்றான். இங்கே என் பையில் வழவழவென்று கிடந்த புதுப் பொருளை யாரும் சந்தேகப்படவில்லை. கெட்டுப்போவது நம்ம பக்கத்தில்தான் என்று மனசு முடிவே செய்துவிடுகிறது. இங்கே வந்தும் அந்தப் புத்தி என்னை விடவில்லை.

கடைசியில் நானே தினம் கூப்பிடுவது என்று ஏற்பாடு ஆயிற்று. அதில் நிம்மதி போனது. நைனாவுக்கு டீக்கடை இரைச்சலில் மணி கேட்காது. கேட்டாலும் எந்தப் பையில் வைத்தோம் என்று தடவுவதற்குள் நின்றுவிடும். பாதி நாள் எடுக்க மாட்டார். நான் குமாரைப் பிடுங்குவேன்.

"தெனம் உங்க நைனா கீறாரா கீறாரான்னு கேட்டுகினே இருந்தா, ஒரு நாள் நானே உங்க வூட்டாண்ட போயி பாடைய கட்டிடுவேன் பாரு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அன்று முழுக்க அந்த வார்த்தை காதிலேயே இருந்தது.

நைனாவுக்கும் கோபம். "நான் இருக்கேனா பூட்டேனான்னு பாக்க ஆளு வுட்றியா? ஏன்டா, நானே சொல்ல மாட்டேனா?"

பழக்கம் விடவில்லை அவருக்கு. நான் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் காலையில் அவர் பங்குக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார். அது எங்கே போய் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

4

புது போன் வந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் காலை நான் கூப்பிட்டபோது நைனா எடுத்துவிட்டார். வெயில் தாங்கவில்லை, குளிக்கப் போகிறேன் என்றார். அதிசயமாகத் தெளிவாகக் கேட்டது. நான் லேசான மனசோடு வேலைக்குப் போனேன்.

காய்கறிகளைப் பொட்டலம் கட்டும் கிடங்கில் வேலை. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இடைவேளையில் திறந்து பார்த்தேன். மிஸ்டு கால் எதுவும் இல்லை. திரை சுத்தமாக இருந்தது. டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டேன். வேலை முடிந்து பார்த்தபோதும் மிஸ்டு கால் இல்லை, ஏதோ ஒரு இங்கிலீஷ் செய்தி மட்டும் இருந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு நான் அப்படிப் பதறாமல் வீட்டுக்கு நடந்த நாட்கள் குறைவு.

வீட்டுக்குள் நுழையும்போது குமார் வாட்ஸப்பில் கூப்பிட்டான்.

"மச்சான், பேஜாராவாத. நைனா வூட்டுப் பின்னால வழுக்கி வுழுந்துகினு கெடந்தாரு. சாயங்காலம் டீக்கு வர்லியேன்னு போய் பாத்தேன். உசுரு கீது. இடுப்புதான். செங்கல்பட்டுக்கு ஏத்திகினு போய்கினு கீறோம்."

"எப்போ வுழுந்தாரு?"

அவன் போனை நைனாவின் காதில் வைத்தான் போலிருக்கிறது. ஆம்புலன்ஸ் குலுங்கும் சத்தம். பிறகு நைனாவின் குரல், மெதுவாக, யாரையும் குறை சொல்லாத குரல்.

"ரெண்டு ரெண்டா குடுத்தேன்டா. கட் பண்ணாம முழுசா வுட்டும் பாத்தேன். ஒரு மணி அடிக்குது, கொய்ங்னு பூடுது. நீ வேலைல இருப்பன்னு கொஞ்ச நேரம் வுட்டு வுட்டு குடுத்தேன்."

காலையில் குளிக்கப் போனவர். பின்பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை, அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சட்டைப் பையில் போன் இருந்தது. அவருக்குக் கூப்பிடத் தெரிந்தது ஒரே பட்டன். அது என்னிடம் வருகிற பட்டன்.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் ஜெனி கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கி ஏதோ தேடினாள். கம்பெனியில் இருந்து அன்று மதியம் ஒரு செய்தி வந்திருந்தது. இங்கிலீஷ் செய்திகளை நான் திறப்பதில்லை. அவள் படித்துவிட்டு, எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

"வெளிநாட்டுல இருந்து ஒரு ரிங் விட்டு கட் பண்ற நம்பர் எல்லாம் ஃபிராடாம்ப்பா. நம்ம திருப்பி கால் பண்ணா காசு எடுத்துடுவாங்களாம். அதனால அந்த மாதிரி ஒரு நம்பர் உங்கள ரொம்ப நாளா தொந்தரவு பண்ணுதுன்னு பிளாக் பண்ணிட்டாங்களாம். இன்னைக்கி மட்டும் நிறைய தடவ ட்ரை பண்ணுச்சாம். உங்கள காப்பாத்திட்டாங்களாம்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக என்னோடு இங்கிலீஷ் கலந்து பாதியும் மௌனத்தில் பாதியும் பேசுகிற பெண், "தாத்தா வலிக்குதுன்னு சொன்னாராப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவர் சொல்லவில்லை, அதனால் அது பொய் இல்லை.

5

மறுநாள் ஸ்டெல்லா நைட் டியூட்டி முடித்து வந்த கையோடு கம்பெனிக்குப் போன் போட்டாள். கணக்கு என் பேரில் இருப்பதால் நானே பேச வேண்டும் என்றார்கள். நீண்ட நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு ஆள் வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்ல வேண்டும். ஒருமுறைகூட எரிந்து விழவில்லை.

"உங்கள் அப்பாவின் அழைப்பை உங்களால் எடுக்க முடியவில்லை. சரிதானே?" என்றார்.

"நான் எடுக்கக் கூடாது" என்றேன்.

"மன்னிக்கவும், எடுக்கக் கூடாதா?"

"எடுத்தால் அர்த்தம் மாறிவிடும்."

அவர் எதையோ தட்டச்சு செய்தார். பிறகு மிகவும் பதமாக, "நீங்கள் எடுக்க விரும்பாத ஒரு அழைப்பை நாங்கள் தடுத்துவிட்டோம் என்று புகார் செய்கிறீர்களா?" என்று கேட்டார்.

எனக்கு இங்கிலீஷ் அதோடு தீர்ந்துபோனது. ஸ்டெல்லா போனைப் பிடுங்கினாள். நர்ஸ் குரலில், தலைமாட்டில் நின்று மருந்து சொல்கிற மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் யாராவது படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பெனி விதியை மாற்றி, அது நமக்குப் பாதகமாக இருந்தால், முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொடுத்த கெடுவுக்குள் அபராதம் இல்லாமல் நாம் வெளியேறலாம். ஆனால் இது அவர்கள் மாற்றியது இல்லை. நாங்களாகப் புது ஒப்பந்தத்துக்கு மாறினோம், தடுப்பு அதிலேயே இருந்தது, அழுத்துவதற்கு முன் ஒப்பந்தத்தின் சுருக்கம் அனுப்பியிருக்கிறார்கள். ஜெனியின் மின்னஞ்சலுக்கு. வீட்டில் இருந்தபடி இணையத்தில் வாங்கினால் இரண்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. அந்த இரண்டு வாரத்தை நாங்கள் புதுப்பட்டினத்தில் பேட்டரி மாற்றுவதில் செலவழித்துவிட்டோம். இழந்தது என்ன என்று எனக்குத் தெரியும் முன்பே கெடு போய்விட்டது.

"இதில் திருப்தி இல்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் போக உங்களுக்கு உரிமை உண்டு" என்றார். "மற்றபடி அந்தச் சேவை வேண்டாம் என்றால் நீங்களே நிறுத்திக்கொள்ளலாமே. உங்கள் கணக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது."

ஜெனி அதைத் தேடி அணைத்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. பச்சையாக இருந்தது சாம்பல் நிறமாயிற்று, அவ்வளவுதான். ஸ்டெல்லா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யூனிபார்மை மாற்றாமலே போய்ப் படுத்தாள்.

6

நான் போக முடியவில்லை. விசாவை நீட்டிக்கக் கொடுத்திருக்கிறோம். முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டுப் போனால் அந்த விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றதாக ஆகுமாம். போய்விட்டு எப்படித் திரும்பி வருவது, வரவே முடியாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து எனக்குத் தலைமுடி கொட்டுகிறது. நைனாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. பார்த்துக்கொள்ள அம்சா என்று ஒரு அம்மாளைக் குமார் ஏற்பாடு செய்தான். ஸ்டெல்லா இங்கே வயசான இடுப்புகளைத்தான் தினம் தூக்கி உட்காரவைக்கிறாள். அந்த வயசில் இடுப்பு உடைந்தவர்கள் எப்படித் தேறுவார்கள் என்று கேட்டேன். "தேறுவாங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பொத்தான் அணைந்துதான் இருக்கிறது, நைனா கொடுத்தால் வரும். அதை அவரிடம் சொன்னேன். கட்டிலில் படுத்தபடி அவர் தன் விதியைச் சொல்லிவிட்டார்.

"இனிமே நான் குடுக்கறதில்ல. உன் போனுக்கு புடிச்சா எடுக்கும், புடிக்கலன்னா துப்பும். நீ அடி. எடுத்து கட் பண்ணா கீறேன்னு வெச்சிக்க."

"பேசுங்க நைனா. ரெண்டு வார்த்த பேசுங்க."

"பேசறதுக்கு இன்னா கீது? இடுப்பு ஒடஞ்சி கீது. தெனம் அதையே கேப்பியா?"

எவ்வளவு சொல்லியும் இறங்கி வரவில்லை. ஜெனி பேசிப் பார்த்தாள். அவளிடம் மட்டும் சிரித்தார். "உங்கப்பன் பயந்தாங்கொள்ளி. நீ பாத்துக்க கண்ணு."

அப்படியே ஓடுகிறது. காலையில் நான் அடிப்பேன். அங்கே எடுப்பார். வார்டு இரைச்சல், டம்ளர் விழும் சத்தம், நைனா தொண்டையைச் செருமுவது, பிறகு கட். அந்தச் செருமலுக்காகக் காதை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பேன். அது கிடைத்தால் அன்றைக்கு ஷூ மாட்டலாம்.

இந்த வாரம் செருமல் இல்லை. எடுக்கிறார்கள், கட் ஆகிறது.

குமாரிடம் கேட்டேன். "போன் யார்கிட்ட கீது?"

"அம்சாக்காகிட்டதான் இருக்கும். சார்ஜ் போட வாங்கி வெச்சிருக்கும். ஏன் மச்சான்?"

"கட் பண்றது யாரு?"

"யாரு பண்ணா இன்னா? எடுக்குதுல்ல?"

"நீ நைனாவ எப்போ பாத்த?"

"கடைல கூட்டம் மச்சான். போன வாரம் போனேன். கொஞ்சம் அசந்துகினு இருந்தாரு. ஊசி போட்டுகினு கீறாங்க, தூங்குவாரு. நாளைக்கு கண்டிப்பா போறேன். நீ சும்மா மனச போட்டு ஒழப்பிக்காத."

இவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அம்சாக்காவும் நல்லவள்தான். போன் அடித்தால் எடுத்துக் கட் பண்ணு, அங்கே பையன் பயப்படுவான் என்று நைனாவே சொல்லிவைத்திருக்கலாம். தூங்குகிறவரை எதற்கு எழுப்புவது என்று அவளாகவே செய்யலாம். எதுவாக இருந்தாலும் எனக்கு வருவது அந்த ஒரு கட் மட்டும்தான்.

இன்று காலையும் அடித்தேன். எடுத்த வேகத்தில் கட் ஆனது. நைனாவின் விரல் காய்த்துத் தடித்த விரல், கண்ணும் தெரியாது. சிவப்புப் பட்டன் எது என்று தடவித் தடவிக் கண்டுபிடிக்க அவருக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.